யூசுப் வங்கிப் படியிறங்கிய படலம்

மீட்டர்க் கோலால் ஊரளந்த மரபின் மணிவிளக்கே, வாழ்க! ஒப்பணக்காரத் தெருவின் துண்டுத்துணிக் கடலில் மூழ்கியெழுந்த முத்தே, வாழ்க! பொறியியல் என்னும் கடுந்தவம் புரிந்து, கல்விக்கடன் என்னும் ஐந்தலை நாகத்தை வரமாகப் பெற்று, மாதந்தோறும் சம்பளத்தில் பாதியை அதற்குப் பாலாய் வார்த்த பெருந்தகை முகமது யூசுப்பே, நீ நீடு வாழ்க!

அந்நாகத்தின் தலை கொய்யும் திருநாள் ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் வாய்த்தது. மறுநாள் இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. அதற்கு மறுநாளோ, போத்தனூர் அரிசி மண்டியின் தனிப்பெருங் காவலர் அப்துல் குத்தூஸ், தம் மகள் சஃபியாவை யூசுப்புக்குத் தருவது பற்றிப் பேச எழுந்தருளும் நாள். பாதி ஊருக்குக் கடன் கொடுத்துக் கடனாளியின் முகத்தை நன்கறிந்த அப்பெரியவர் முன்னமே முழங்கியிருந்தார்: “கடன் தீந்துதுன்னு பேங்க் சீட்டு கைல இருந்தாத்தானுங்க பேச்சு. இல்லீன்னா டீயக் குடிச்சுப்போட்டுக் கிளம்பீருவேனுங்க.”

ஆகவே யூசுப், செல்போனில் கட்டினால் பேரம் பேச எதிரே ஆளில்லையே என்று ரொக்கத்தைப் பையில் நிறைத்து, வங்கிக் களம் புகுந்தான். கணினித்திரையைக் கேடயமாய் நிறுத்தி, ரப்பர் முத்திரையைக் கதாயுதமாய் வலக்கையருகே சாத்தி வீற்றிருந்த கடன்பிரிவு அதிகாரி சண்முகப்ரியா, கட்ட வேண்டியது நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினேழு என்று அருளினாள். நாற்பத்தோராயிரம் அவன் செவியில் பூமழையாய்ப் பொழிந்தது. முந்நூற்றுப் பதினேழோ காய்ச்சிய ஈயமாய் இறங்கிற்று. ஏனெனில் சில்லறை என்னும் வாலை அறுக்காமல் ஒரு பில்லையும் கடந்தறியாதது அவன் குலம். குடல்வால் அறுத்த ஆஸ்பத்திரியிலேயே பில்லின் வாலையும் அறுத்து மீண்டவர் அவன் தந்தை.

“ஏனுங்க மேடம், நாப்பத்தொண்ணா ரவுண்டு பண்ணிக்குங்க. ஏழு வருசமா உங்க கடைக்குத்தானுங்க வாரேன்.”

“நானா வெலை சொல்றேன்? சிஸ்டம் சொல்லுதுங்க தம்பி. அதுகிட்டப் பேசி முடிச்சுட்டு வாங்க.”

சினந்தெழுந்த யூசுப், உடனடி ரொக்கம் என்னும் ஈட்டியை எறிந்தான். அது கேடயத்தில் பட்டு வீழ்ந்தது. என் தம்பியும் இங்கேதான் கடன் வாங்குவான் என்னும் ஆசைவலையை வீசினான். அவள் கொட்டாவி விட்டாள். அடுத்த தெருவில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்னும் நாகாஸ்திரத்தையும் ஏவினான். தன் கடனை அடுத்த தெருவில் எவரும் விற்பதில்லை என்பது ஏவிய பிறகே நினைவுக்கு வந்தது.

எஞ்சியிருந்தது பிரம்மாஸ்திரம் ஒன்றே. “செரிங்க, அப்ப நான் வாரேனுங்க” என்று மொழிந்து, பையின் ஜிப்பை எண்டிசையும் அதிர இழுத்து மூடி, கரும்பே வேண்டாம் என்று தோட்டத்தை விட்டுத் திரும்பும் களிறென, செவிகளை மட்டும் முதுகுப்பக்கம் விட்டுவைத்து, அவன் வாசல் நோக்கி நடந்த நடையின் மந்தத்தை என்னென்பது! ஒப்பணக்காரத் தெருவில் இவ்வாறு திரும்பியவன் எவனும் பின்னழைப்பு கேளாமல் சாலையை மிதித்ததில்லை.

கேட்டது. “ஏனுங்க தம்பி, நில்லுங்க!”

யூசுப்பின் தோள்கள் பூரித்தன. ஆயினும் முதல் அழைப்புக்குத் திரும்புபவன் வணிகனல்லன். இரண்டாம் அழைப்பிலன்றோ விலை இன்னும் இறங்கும்! ஆதலின் கேளாதவன்போல் வெற்றிப் புன்னகையோடு படியிறங்கி, இரண்டாம் அழைப்பை எதிர்நோக்கி நின்றவனுக்குப் பின்னே, இடி இடித்தாற்போல் இரும்பு ஷட்டர் பாதி இறங்கிற்று.

ஷட்டரைப் பிடித்திருந்த காவலாளி நஞ்சுண்டன் பரிவோடு சொன்னார்: “மேடம் உங்களத்தானுங்க கூப்பிட்டாங்க. நாலு மணிக்குக் கேஷ் மூடறாங்க, இப்பவே கட்டுனா சீட்டு இன்னிக்கே தந்தர்றேன்னாங்க. இனித் திங்கக்கிழமைதானுங்க கண்ணு.”

ஞாயிற்றுக்கிழமை குத்தூஸ் பாய் வந்தார், டீ குடித்தார், போய்விட்டார்.