வாய்க்கால் கரை சைக்கிள் மரியாதைக் கழகம்

நாகரிகத்தின் அளவுகோல் எது என்று அறிஞர்கள் இனி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். எலப்புள்ளிக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் கரை இருக்கிறது. அங்கே சைக்கிள் விடுகிறவர்கள் நடந்து போகிறவர்களுக்குக் காட்டும் கருணையைப் பார்த்தால் போதும். அந்தக் கருணையை வளர்க்கவே 'சைக்கிள் மரியாதைக் கழகம்' நிறுவினோம். தலைவர், ஊரில் முதலில் சைக்கிள் வாங்கிய பண்ணைக்காரர் ஈஸ்வரமூர்த்தி. காரியதரிசி அடியேன்.

முன்பெல்லாம் மணி அடிக்காமலே போய் ஆட்களை வயலில் தள்ளிக்கொண்டிருந்தோம். என்ன காட்டுமிராண்டித்தனம்! இப்போது தீர்மானப்படி தூரத்திலிருந்தே மணி அடிக்கிறோம். அவர்கள் பதறாமல், தாங்களாகவே சேற்றில் இறங்கிக்கொள்ளலாம்.

இந்த முன்னேற்றம் தயிர்க்காரி மயிலாத்தாளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. இறங்கும்போது வழுக்கித் தயிர்ப்பானை உடைந்ததாம். நேரே கழகக் கூட்டத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க, தலையில பானையோட நான் எப்படிங்க எறங்கறது? இன்னொரு பானை போச்சுன்னா எம் பொழப்பே போச்சுங்க. நீங்க எறங்கித் தள்ளிட்டுப் போனா ஆகாதுங்களா?"

"எறங்கித் தள்றதுக்கா சைக்கிள் வாங்கினோம்?" என்றார் தலைவர்.

"கிராம அதிகாரி சைக்கிள்ல வந்தா மட்டும் எறங்கறீங்களே?"

"அவரு வரி வாங்கறவரு. நீ தயிர் விக்கறவ."

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. ஆயினும் கழகத்தின் நெஞ்சம் இளகியது. 'குடியரசு நாட்டில் நடப்போருக்கும் சம உரிமை' என்று முழங்கி, அவளுக்கும் ஒரு சைக்கிள் மணியை வழங்கினோம். பலத்த கைதட்டல்.

மறுநாள் காலை தலைவரும் நானும் தாழம்புதர் வளைவை நெருங்கினோம். மறுபக்கத்தில் மணிச் சத்தம். அந்நேரத்தில் எதிரே சைக்கிளில் வருகிறவர் கிராம அதிகாரி ஒருவர்தான்.

"அதிகாரி வர்றாருங்க! எறங்குங்க!" என்று கத்தினேன்.

இறங்கினோம். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, சைக்கிளோடு சேற்றில் ஒதுங்கிக் குனிந்து நின்றோம். தலைவர் முழங்கால்வரை புதைந்துவிட்டார்.

வளைவில் வந்தவள் மயிலாத்தாள். தலையில் பானை ஆடவில்லை.

"எறங்கத் தெரியுமுங்களே உங்களுக்கு!" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள்.

அன்றே அவசரக் கூட்டம். 'பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு' மணி பறிமுதல் செய்யப்பட்டது. அடுத்த வாரம் அதே கரையில் அவளுடைய பானை உடைந்தது. இப்போது செங்கல் சுமக்கப் போகிறாள், பாவம். ஆனால் மரியாதையில் நாங்கள் குறை வைத்ததாக யாரும் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேச வேண்டாம். அவள் சேற்றில் விழுந்து கிடந்தபோதும், வருகிறோம் என்று தெரிவிக்க, தலைவர் விடாமல் மணி அடித்துக்கொண்டேதான் தாண்டிப் போனார்.