பத்தாயிரம் டிகிரிக் குளிர்

மாரெட்பள்ளி,
செகந்திராபாத்.
மே 18

அன்புள்ள ஸ்ரீனிவாசன் அண்ணாவுக்கு,

ஜலஜா நமஸ்காரம். இங்கே நானும் அவரும் நலம்; வெயில் எங்களைவிட நலமாக இருக்கிறது. உனக்கும் மன்னிக்கும் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் பிள்ளை அனிருத் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

நீ இட்ட வேலையை முடித்துவிட்டேன். அனிருத் தன் பாதுகாப்புத் துறை உத்தியோகத்தை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறான், எங்கள் வீட்டில்தானே தங்கியிருக்கிறான் என்று சொல்லி, "இருபத்தஞ்சு வருஷமா கம்பெனிக்காரன் கொண்டுவர சாமானையெல்லாம் சோதிச்சுத் திருப்பி அனுப்பறவ நீ. ஒரு வாரம் கேள்வி கேளு, அவனே வேண்டாம்னு ஓடிடுவான்" என்றாய். கேட்டேன்.

முதல் நாள், என்ன ஆராய்ச்சி என்றேன். பூமியின் காந்த மண்டலத்தில் இருக்கும் குளிர்ந்த பிளாஸ்மா என்றான். அதாவது மின்னூட்டமுள்ள துகள்களாக உடைந்த வாயு. எவ்வளவு குளிர்ச்சி? "பத்தாயிரம் டிகிரி இருக்கும், அத்தை." தோசை திருப்பிக்கொண்டிருந்த என் கணவர், "ஹவ்" என்று இந்த ஊர் பாஷையில் ஆமாம் போட்டு, "அப்போ நம்ம மாடி ரூம் ஃப்ரிட்ஜுதான்" என்றார். அங்கே மற்ற துகள்கள் கோடி டிகிரியில் திரிகின்றனவாம். அவற்றின் பக்கத்தில் இது குளிர்தானாம். எனக்கு எரிச்சல். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

மறுநாள், அது எங்கிருந்து வருகிறது என்றேன். "நம்ம தலைக்கு மேலேருந்துதான்" என்றான். காற்றுமண்டலத்தின் உச்சியில் சூரிய ஒளி வாயுவை உடைக்கிறதாம். துருவங்களுக்கு மேலே காந்தக் கோடுகள் திறந்து கிடப்பதால் அந்த வழியே கசிந்து, இரவுப் பக்கம் நீண்டு கிடக்கும் காந்த வாலுக்குப் போகிறதாம். விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. "கசிவைக் கண்டுபிடிச்சும் அடைக்காம ஆராய்ச்சியா பண்றேள்?" என்றேன். சிரித்தான்.

மூன்றாம் நாள், அதைப் பார்த்தது யார் என்றேன். பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன், அண்ணா. வெயில் பட்டு விண்கலம் நேர்மின்னூட்டம் அடைந்துவிடுமாம். மெதுவாக வரும் நேர்மின் துகள்கள் அதைக் கண்டாலே விலகிப்போகுமாம். கருவிக்குள் நுழையவே நுழையாதாம். "ஆளே வராத கிளாஸுக்கு அட்டெண்டன்ஸா? ரிஜெக்ட்!" என்றேன். அவன் என்னை வாசலுக்குக் கூட்டிப்போனான். கோடை மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. நின்றிருந்த ஆட்டோவின் ஒரு பக்கம் மட்டும் தரை காய்ந்து கிடந்தது. "துளியைப் பிடிக்கவே வேண்டாம் அத்தை. காஞ்ச இடத்தைப் பாருங்கோ, மழை எந்தப் பக்கம் போறதுன்னு தெரியறது." விண்கலத்துக்குப் பின்னாலும் அப்படி ஒரு வெற்றிடம் விழுமாம், அதை அளக்கிறார்களாம். நான் குடையோடு குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதில், ஆட்டோக்காரர் சவாரி என்று நினைத்து, "ஆட்டோ ஹோனா அம்மா?" என்றார். "நக்கோ" என்று மறுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஆபீஸ் பஸ்ஸிலும் கேள்வி எழுத ஆரம்பித்தேன். நேற்றுக் கடைசியாக ஒன்று கேட்டேன்: வாலுக்குப் போனதில் எவ்வளவு ஒரேயடியாகத் தப்புகிறது, எவ்வளவு சுற்றிக்கொண்டு பூமிப் பக்கமே திரும்புகிறது? முதல் முறையாக அனிருத் விழித்தான். "அது... சரியா தெரியல அத்தை." அதற்கப்புறம் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. இன்று நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறான். போன நிலையைப் பார்த்தால் தேற மாட்டான். கவலையை விடு, உத்தியோகம் பத்திரம்.

மன்னிக்கு என் நமஸ்காரம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தங்கை,
ஜலஜா

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அனிருத் வந்துவிட்டான். ஆறு கேள்வி கேட்டார்களாம். ஐந்து நான் கேட்டவை. மூச்சு விடாமல் பதில் சொல்லியிருக்கிறான். ஆறாவதாக, "எதை ஆராயப் போகிறாய்?" என்றார்களாம். என் கடைசிக் கேள்வியைச் சொல்லியிருக்கிறான். அவனை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பதில் கிடைக்க நாலு வருஷமாவது ஆகுமாம். எனக்கும் தெரிந்தாக வேண்டும், அண்ணா. ராஜினாமாக் கடிதத்தில் இரண்டு இடத்தில் 'தங்களுக்குச் சிரமமில்லையென்றால்' என்று எழுதியிருந்தான். இரண்டையும் நான்தான் அடித்துவிட்டுக் கொடுத்தேன்.