மகஜர் அண்ணாச்சியும் என் சிவப்புச் சேலையும்

திருடனைக் கண்டால் போலீஸ் துரத்தும். திருச்சுழி வட்டாரத்தில் போலீஸே கண்டு ஒதுங்கிய ஒரே மனிதர் மகஜர் அண்ணாச்சிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்திலிருந்து கரி மூட்டைகளை வேனில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோவது அவர் பிழைப்பு. சோதனை என்றால் தாராளமாகத் திறந்துவிடுவார்.

"நல்லாப் பாருங்க சார். எடுத்ததை எழுதி, ஊர்க்காரங்க ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்தோட மகஜரு ஒண்ணு குடுத்துருங்க."

ஒருமுறை, சாலை பிரியும் பந்தல்குடி விலக்கில், புதிதாக வந்த காவலர் வீம்புக்கு அத்தனை மூட்டையையும் பிரித்தார். கடைசியில் யார் காவலர், யார் கரி அள்ளுகிறவர் என்றே தெரியவில்லை. எழுதிக் கொடுத்த தாளில் கைரேகைதான் இருந்தது, எழுத்தைக் காணோம்.

வீட்டிலும் அதே கூத்து. மனைவி சட்டைப் பையைத் துழாவினால், "பக்கத்து வீட்டுல ரெண்டு பேரைக் கூப்புடு" என்பார்.

"கூப்புடுறேன். நீங்க பீடிய விட்டுட்டதாச் சொன்ன லட்சணத்தை அவுகளும் பாக்கட்டும்" என்பார் அந்த அம்மாள்.

நான் கரிக்கடையில் எடை போடும் வேலையில் இருந்தேன். பஸ்ஸைத் தவறவிட்டால் அண்ணாச்சி வேன்தான். ஒருநாள் அப்படி அந்த வேனில் வந்துகொண்டிருந்தேன். அன்று பரளச்சிக் கல்யாண வீடு ஒன்றில் சங்கிலி காணாமல் போய், சிவப்புச் சேலைக்காரி மேல் சந்தேகம். என் கெட்ட நேரம், நானும் சிவப்புச் சேலை. எனக்கும் கல்யாணத்துக்கு இருபதே நாள். திருட்டுப் பட்டம் விழுந்தால் நின்றுபோகும்.

வேனை மறித்த அதிகாரி, "மடியை உதறு" என்றார். சீக்கிரம் தொலையட்டும் என்று சேலையில் கை வைத்தேன்.

"தாயீ, கையை எடு" என்றார் அண்ணாச்சி. "சார், பொம்பளைப் பிள்ளையச் சோதிக்க பொம்பளைப் போலீசு வரணும்."

"அவளே சரிங்கிறா. ஒனக்கென்னய்யா?"

"பயத்துல சரிங்கிறா. அது சம்மதமா சார்?"

"ஒன்னையும் தூக்கி உள்ள வச்சிருவேன்!"

"வைங்க. என்ன காரணம்னு சொல்லுங்க, எம் பொண்டாட்டிக்குத் தகவல் குடுங்க. பொம்பளைப் போலீசு வார வரைக்கும் இங்கனதான் நிப்பேன்."

இரண்டு மணி நேரம் உச்சி வெயில். அண்ணாச்சி அசையவில்லை. பெண் காவலர் வந்து, பக்கத்து டீக்கடைக்குள் மறைவாக வைத்துச் சோதித்தார். 'ஒன்றும் கைப்பற்றப்படவில்லை' என்று அவர் எழுத, டீக்கடைத் தம்பதி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். நகல் வாங்கி என் கையில் கொடுத்த பிறகுதான் அண்ணாச்சி வேனில் ஏறினார்.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சேதி நான் வீடு சேருமுன்பே போயிருந்தது. மறுநாள் வந்த மாமியாரிடம் தாளை நீட்டினேன். ஒருதரம் படித்தவர், பிறகு முகூர்த்தச் சேலையைப் பற்றித்தான் பேசினார்.

ஆனால் அன்று வேனில் ஏறியதும் அண்ணாச்சியால் சாவியைத் திருப்ப முடியவில்லை. இரண்டு தரம் கீழே நழுவவிட்டார்.

"பயந்துட்டீகளா அண்ணாச்சி?"

"பின்ன? அவுக போலீசுல்ல தாயீ. எனக்கு எப்பவுமே பயந்தான்."

அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்.