காலியாக ஏறும் வண்டி

குப்பனூரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில், வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, கையில் ஃபைலோடு ஒருவர் நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டியதும் கிங்ஸ்டன் ஆம்புலன்ஸின் வேகத்தைக் குறைத்தான்.

சற்று முன்புதான் சென்றாயன் போனில் கூப்பிட்டிருந்தான். அவனும் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன்தான்.

"அண்ணா, சேலத்து ஆபீசுல இருந்து ஆபீசர் வர்றாங்களாம். சொல்லாம கொள்ளாம வந்து வண்டிய செக் பண்ணப் போறாங்களாம். அடிவாரத்துப் பக்கம் போயிராதீங்க."

அதற்காகத்தான் கிங்ஸ்டன் வழக்கமான அடிவாரப் பாதையை விட்டுவிட்டு இந்தக் குப்பனூர்ப் பக்கம் சுற்றி வந்தான். வந்த இடத்திலும் ஆபீசரே எதிரில் வந்து நின்றால் மனிதன் என்னதான் செய்வான்?

சேலத்துச் சுகாதார ஆபீசுக்குச் சொந்தமாக ஆம்புலன்ஸ் கிடையாது. கிங்ஸ்டனைப் போல வண்டி வைத்திருப்பவர்களுக்கு வருடா வருடம் காண்ட்ராக்ட் கொடுத்து ஓட வைக்கிறார்கள். நோயாளியும் கூட வரும் ஒருவரும் தவிர ஈ எறும்பு ஏறக்கூடாது என்பது காண்ட்ராக்ட். ஆனால் மலைக்கு வேறொரு சட்டம் இருந்தது. நோயாளியோடு இறங்கும் வண்டி, ஏறும்போது காலியாகத்தானே ஏறுகிறது? பஸ்ஸை விட்டவர்கள் சேலத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் கிங்ஸ்டன் ஏற்றிக்கொள்வான். நல்ல மனசுதான், ஆனால் நல்ல மனசுக்கெல்லாம் காண்ட்ராக்டில் இடமில்லை. இந்த வாரம் காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். அது போனால், கடன் வாங்கி எடுத்த வண்டி வீட்டுப் பலாமரத்தடியில் சும்மா நிற்கும். செம்மநத்தம் பக்கம் யாருக்காவது நெஞ்சு வலித்தால் தூக்கிக்கொண்டு ஓட வேறு வண்டி இல்லை.

இப்போது பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி செம்மநத்தத்துச் சென்னம்மாள், காப்பி எஸ்டேட்டில் வேலை, மடியில் சந்தையில் வாங்கிய கோழி. இன்னொருத்தி குடை வைத்திருந்த ஒரு பெண். "இப்படி ஏறலாமுங்களா?" என்று தயங்கித் தயங்கி ஏறியவள்.

பிரேக்கை மெல்ல அழுத்திக்கொண்டே கிங்ஸ்டன் பின்பக்கம் திரும்பினான்.

"சென்னம்மக்கா, ஸ்ட்ரெச்சர்ல படுங்க. குடைக்காரக்கா, நீங்க அவங்க மகளுங்க. முன்னால நிக்கறது ஆபீசர்."

"நானுங்களா?" என்றாள் குடைக்காரி.

"நொம்பக் கும்புட்டுக் கேக்கறனுங்க. என்ற பொழப்பே இதுலதான் இருக்குது."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். "சரிங்க. எதுவரைக்கும் போகுதுன்னு பார்ப்போம்."

கோழி போர்வைக்குள் போனது. வெள்ளைச் சட்டைக்காரர் ஜன்னல் அருகே வந்தார்.

"வண்டி மேலதானுங்களே போகுது?"

"ஆமாங்க சார். பேஷண்ட் இருக்காங்க."

"பேஷண்டா?" அவர் முகம் வாடியது. ஆபீசர் சந்தேகப்படுகிறார் என்று கிங்ஸ்டனுக்குப் பட்டது.

"நீங்க தாராளமா ஏறுங்க சார். உங்க வண்டிங்க இது."

அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, பெரிய ஆஸ்பத்திரி சேலத்துலதான இருக்குது? இவங்கள எதுக்கு மேல கூட்டிட்டுப் போறீங்க?"

"டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க சார். ஊட்டுல கொண்டுபோய் உடறோம்."

"என்ன நோவுங்க?"

"நெஞ்சு வலி" என்றான் கிங்ஸ்டன். "இடுப்புங்க" என்றாள் சென்னம்மாள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

"நெஞ்சுல ஆரம்பிச்சு இடுப்புக்கு எறங்கிருச்சுங்க சார்."

ஆபீசர் தன் போனில் ஏதோ தட்டினார். ரிப்போர்ட் போகிறது என்று நினைத்துக்கொண்டான் கிங்ஸ்டன். அந்த நேரம் பார்த்துப் போர்வைக்குள் கோழி கொக்கரித்தது. கிங்ஸ்டன் சட்டென்று சைரனை அமுக்கினான். எதிரில் வந்த டூரிஸ்ட் கார்களெல்லாம் பதறிப்போய் ஓரம் கட்டின.

"டிஸ்சார்ஜ் ஆனவங்களுக்கு எதுக்குங்க சைரன்?"

"மறுபடியும் வலி வந்திருச்சுங்க சார்."

"அப்ப ஊட்டுக்கு எதுக்குங்க? நேரா ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்கு உடுங்க. சீக்கிரமா உடுங்க" என்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நேரத்தைக் குறிக்கிறார் என்று கிங்ஸ்டன் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். கோழி கத்தக் கத்தச் சைரனும் கத்தியது. செம்மநத்தம் பிரிவு வந்தது, போனது.

"கிங்ஸ்டன் கண்ணு, என்ற ஊட்டுக்குத் திரும்பற எடம் போயிருச்சு."

"பேசாதீங்கம்மா" என்றாள் குடைக்காரி. "உங்களுக்கு நெஞ்சு வலி."

ஏற்காட்டு ஆஸ்பத்திரி வாசலில், சைரன் கேட்டு நர்ஸ் ஈவ்லின் ஏற்கெனவே வெளியே வந்து நின்றார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஸ்ட்ரெச்சரை இழுத்ததும் போர்வை விலகிக் கோழி வெளியே பாய, குடைக்காரி அதை எட்டிப் பிடித்தாள். வளைவுகளும் சைரனும் போர்வைக்குள் கோழியின் கொத்தும் சேர்ந்து சென்னம்மாளுக்கு நிஜமாகவே தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஈவ்லின் பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எக்கச்சக்கமா ஏறிக் கெடக்குது. அட்மிட் பண்ணோணும்."

"எனக்கு ஒன்னுமில்லீங்க கண்ணு. போயி அடுப்புப் பத்த வெக்கோணும்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. கூட வந்தது யாருங்க? மகளா? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

குடைக்காரி கிங்ஸ்டனைப் பார்த்தாள். ஆபீசர் வாசலிலேயே நிற்கிறார். கிங்ஸ்டன் கண்ணாலேயே கெஞ்சினான். அவள் கோழியை இடுக்கிக்கொண்டு, சுதாராணி, மகள், என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சென்னம்மாளின் கையில் குளுக்கோஸ் ஏறியது.

கிங்ஸ்டன் வெளியே ஓடி வந்தான். ஆபீசர் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"சார், சார். எங்க வண்டியப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சார். மலைக்காரங்களுக்கு இந்த ஒரு வண்டிதானுங்க."

அவர் விழித்தார். "நான் என்னத்தைங்க எழுதறது? இங்க ஒரு ரிசார்ட்டுல எனக்கு இண்டர்வியூ. பஸ்ஸ உட்டுட்டேன். ஆம்புலன்ஸ் காலியாத்தான் ஏறும், கை காட்டுனா நிக்கும்னு குப்பனூர் டீக்கடையில சொன்னாங்க. பேஷண்ட் இருந்தும் ஏத்துனீங்களே, பெரிய மனசுங்க உங்களுக்கு. எவ்வளவு தரோணும்?"

கிங்ஸ்டன் ஒன்றும் வேண்டாமென்று கையாட்டி அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தான். போன உயிர் திரும்பி வந்ததில் கண்ணில் தண்ணீரும் வந்தது. குடைக்காரி கோழியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"தப்பிச்சோமுங்க அக்கா. அந்தாளு ஆபீசரே இல்லீங்க."

"தெரியுமுங்க" என்று கோழியை அவன் கையில் கொடுத்தாள் சுதாராணி. "ஆபீசர் நாந்தானுங்க. உங்க மேல ரிப்போர்ட் எழுதலாம்னுதான் வந்தேன், அதுக்கு மொதல்ல எங்கம்மாவ டிஸ்சார்ஜ் பண்ணிக் குடுங்க."