ஒருவரையும் பார்க்காமல் பரப்பிய கண்நோய்

ஒரே கிழமையில் பதினொரு ஜெர்மன்காரருக்குக் கண்நோய் கொடுத்தவன் நான். அதில் ஒருவர் என் முதலாளி. கொடுத்ததுகூடப் பெரிதில்லை. அந்தக் கிழமை முழுக்க அவர்களைக் கண்நோயிலிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன் பாருங்கள், அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்போது நான் டோர்ட்மண்டில் லிஃப்ட் திருத்தும் ஒரு சின்னக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமும் மூன்று கிழமையும் ஆகியிருந்தன. எங்கே லிஃப்ட் பழுதாகிறதோ அங்கே ஆளை அனுப்பிவைப்பது என் பொறுப்பு. (உள்ளே அகப்பட்டவர்கள் தொலைபேசியில் திட்டினால் அதை வாங்கிக்கொள்வதும் என் பொறுப்புத்தான்.) முதல் ஆறு மாதமும் தகுதிகாண் காலம். அந்தக் காலத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் அதிக காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா இல்லையா என்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்வதாக முதலாளி ஃபிரௌ லிண்டர்மான் அறிவித்திருந்தார்.

அந்தப் பதிலுக்கு நான் மட்டும் காத்திருக்கவில்லை. என் மனைவி சுமதி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. நாங்கள் இருந்தது நாலாம் மாடியில் ஒற்றை அறை. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. (லிஃப்ட் கம்பனிக்காரன் வீட்டு லட்சணம் அது.) நிலமட்டத்தில் இரண்டு அறையோடு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். நிரந்தர வேலை என்ற கடிதத்தைச் சனிக்கிழமைக்குள் காட்டினால் வீடு உங்களுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அப்படியான கிழமையில், திங்கட்கிழமை விடிய எழும்பினால் வலது கண் திறக்க மாட்டேன் என்கிறது. சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றித் திறந்து கண்ணாடியைப் பார்த்தேன். கண் கொவ்வைப்பழமாய்ச் சிவந்திருந்தது. மத்தியானத்துக்குள் இடது கண்ணுக்கும் வந்துவிடும் என்று தெரிந்தது.

சுமதி அப்போது பாரிஸில் தன் அக்கா வீட்டில் நின்றாள். ஐந்து வயதிலேயே ஜெர்மனிக்கு வந்து இங்கேயே படித்து வளர்ந்தவள், சட்டதிட்டம் எல்லாம் தெரிந்தவள். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னாள்.

"டொக்டரிட்டைப் போய் லீவுத் துண்டு எடுத்துக்கொண்டு வீட்டிலை இருங்கோ."

"இந்தக் கிழமை ஏலாதப்பா. வெள்ளி முடியட்டும்."

"தொத்துற வருத்தத்தோடை போனால்தான் அவை உங்களைக் கலைப்பினம். போகாதேங்கோ."

"ஓம் ஓம்" என்றேன். (ஒற்றை ஓம் என்றால்தான் அவள் சொன்னபடி நான் கேட்பேன் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. இப்போது நன்றாகத் தெரியும்.)

எனக்கு வேறொரு சட்ட ஆலோசகர் இருந்தார். தமிழ்க்கடையில் நாங்கள் வாழைக்காய் பொறுக்கும் நேரத்தில் இலவச ஆலோசனை வழங்கும் கடைக்காரர் சிவம் அண்ணை. "தம்பி, அந்த ஆறு மாதத்துக்கை வருத்தம் எண்டு ஒருநாளும் சொல்லிப் போடாதை, வீட்டை அனுப்பிப் போடுவாங்கள்" என்று அவர் சொல்லியிருந்தார். முப்பது வருடமாகச் சொந்தக் கடை நடத்துகிற மனிதர், அவரை யார் வேலையிலிருந்து அனுப்புவது என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

அதோடு, கண்நோய் பற்றி எனக்கு நல்ல அறிவு இருந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் கற்ற அறிவு. கண்நோய்க்காரனின் கண்ணைப் பார்த்தால் தொத்தும், பார்க்காவிட்டால் தொத்தாது. பரீட்சைக்குப் படிக்காதவர்கள் நோய்க்காரனைத் தேடிப்போய் உற்று உற்றுப் பார்ப்பார்கள். எங்கள் கணக்கு வாத்தியார் கண்நோயோடு பத்து நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படிப்பித்தார். எங்களைக் காப்பாற்றத்தான் போட்டிருக்கிறார் என்று அவரில் எங்களுக்குப் பெரிய மதிப்பு. சென்னையில் இதற்கு மெட்ராஸ் ஐ என்று பெயர்; அங்கேயும் ஊர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் சமாளிப்பார்களாம். இவ்வளவு பேர் பிழைவிடுவார்களா என்ன?

ஆகவே கறுப்புக் கண்ணாடி தேடினேன். என்னுடையது கோடையிலேயே உடைந்துவிட்டது. சுமதியினுடையது கிடைத்தது. வைன் நிறச் சட்டம், பாதி முகத்தை மூடும் அகலம், இரண்டு பக்கக் காதுத் தண்டிலும் மினுங்குகிற கல். மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

நவம்பர் மாதம். டோர்ட்மண்டில் அந்த மாதம் சூரியன் வந்தால் ஆட்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். காலை ஏழரைக்கு இருட்டுக் கண்ணாடியோடு ரயிலில் ஏறித் தடவித் தடவிக் கம்பியைப் பிடித்தேன். வயதான ஒரு அம்மா எனக்குக் கண் தெரியாது என்று நினைத்து எழுந்து, என் தோளைப் பிடித்துத் தன் இருக்கையில் இருத்திவிட்டார். மறுத்துச் சொல்ல வெட்கமாக இருந்ததால் அப்படியே இருந்துவிட்டேன். அடுத்த தரிப்பிடத்தில் கைப்பேசியில் தகவல் வந்தது, பழக்கதோஷத்தில் எடுத்து வாசித்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எங்கள் கம்பனியில் ஒரு வழக்கம். காலையில் வந்தவுடன் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்து "மோர்கன்" சொல்ல வேண்டும். ஒருவரை விட்டாலும் அவருக்கு மனத்தாங்கல். தகுதிகாண் காலத்துக்காரன் நான் விடுவேனா? பதினொரு பேருக்கும் கொடுத்தேன். மரியாதை கூடட்டும் என்று இரண்டு கையாலும் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒருவர் கண்ணையும் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கண் கடிக்கும்போதெல்லாம் கண்ணாடிக்குக் கீழே விரலை விட்டு நன்றாகக் கசக்கினேன். அதே விரலால் அவசர அழைப்புத் தொலைபேசியை எடுத்துப் பேசி, பக்கத்து மேசை யூர்கனிடம் கொடுத்தேன். கம்பனிக்கு அந்த ஒரு தொலைபேசிதான், நாள் முழுக்கக் கைமாறும்.

என்ன கண்ணாடி என்று கேட்டவர்களுக்குத் தலையிடி, வெளிச்சம் ஆகாது என்று பொய் சொன்னேன். ஃபிரௌ லிண்டர்மான் கடுமையான பெண்மணி. ஐந்து மாதத்தில் அவர் பல்லை நான் கண்டதில்லை. அன்றைக்குப் பார்த்து என் தலைக்கு மேல் விளக்கை அவரே அணைத்தார். தன் சொந்தக் கோப்பையில் மூலிகைத் தேநீர் கொண்டுவந்து தந்தார். குடித்துவிட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன். போகும்போது, வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பனியின் நாற்பதாவது ஆண்டுக்கு உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுக்க வருகிறார், எல்லாரும் நல்ல உடுப்போடு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை யூர்கன் ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். நான் அவரைப் பார்க்கவே இல்லையே! மூளையைப் போட்டுக் குழப்பினேன். கடைசியில் பிடிபட்டது. செவ்வாய்க்கிழமை கழிப்பறையில் கண்ணாடியைக் கழற்றி முகம் கழுவும்போது அவர் பின்னால் வந்து நின்றார். சுவர்க்கண்ணாடி வழியாக எங்கள் கண்கள் சந்தித்துவிட்டன. பிரதிபலித்தும் தொத்தும் போலிருக்கிறது என்று கண்டுபிடித்து, அன்றிலிருந்து முகம் கழுவும்போது விளக்கையும் அணைத்துவைத்தேன். (விஞ்ஞானி.)

வியாழக்கிழமை ஆறு பேருக்குக் கண் சிவந்துவிட்டது. திருத்துநர் ஒருவர் மின்கம்பியின் நிறம் தெரியவில்லை என்று பாதி வேலையில் திரும்பி வந்தார். வாய்திறந்து சொல்வோமா என்று நூறு தரம் யோசித்தேன். நாலாம் மாடிப் படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறும் சுமதி கண்முன் வந்தாள். சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு என்னையே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணி. அறைக்குள் போனால் ஃபிரௌ லிண்டர்மான் கறுப்புக் கண்ணாடியோடு இருக்கிறார். நான் கல் பதித்த கண்ணாடியோடு எதிரில் இருந்தேன்.

காலையில் கண்வைத்தியரிடம் போனதாகச் சொன்னார். இது கையால் பரவும் நோயாம், கண்ணைத் தொட்ட கை பட்ட இடமெல்லாம் பரவுமாம். உங்களுக்கு எப்போது தொடங்கியது என்று கேட்டார். இனி மறைத்து என்ன? தலையிடி பொய் என்றதிலிருந்து, பார்த்தால் தொத்தும் என்ற எங்கள் ஊர்ச் சித்தாந்தம், கணக்கு வாத்தியார், சுவர்க்கண்ணாடி வரை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அப்படியென்றால் இந்தக் கண்ணாடி எங்களைக் காப்பாற்றப் போட்டதா?"

"ஆம்."

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார். வேலைநீக்கக் கடிதம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் இன்னும் எரிந்தது.

"நிரந்தர ஒப்பந்தம். போன வெள்ளிக்கிழமையே கையெழுத்து வைத்துவிட்டேன். நீங்கள் திங்கட்கிழமை வீட்டில் படுத்திருந்தால் தபாலில் அனுப்பியிருப்பேன்."

கண்ணைத் திறந்து கடிதத்தை எட்டிப் பார்த்தேன்.

"ஐந்து மாதத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தீர்கள். ஐந்து நாள் மடையனாக இருந்தீர்கள். மடத்தனத்துக்காக ஆட்களை நிறுத்தினால் இங்கே ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். ஆனால் இன்னொரு முறை வருத்தத்தோடு இந்த வாசலை மிதித்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன்."

சொல்லிவிட்டு, நான் தொடாதபடி கடிதத்தைக் கோடு கீறும் அடிமட்டத்தால் தள்ளிவிட்டார். என் சொந்தப் பேனாவால் கையெழுத்து வைக்கச் சொன்னார். கைகொடுக்கப் போனேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்போதுதான் முதல்முறை அவர் பல் தெரிந்தது.

மத்தியானம் படம் எடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு கறுப்புக் கண்ணாடி. நடுவில் முதலாளி. ஓரத்தில் வைன் நிறமாய் மினுங்கிக்கொண்டு நான். பத்திரிகையில் அப்படியே வந்தது, அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும் யூர்கன் அவர்களை அந்தப் படத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, வருத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவார்.

கடிதத்தைச் சனிக்கிழமை காட்டினேன். வீடு கிடைத்தது. பாரிஸிலிருந்து வந்த சுமதி பத்திரிகையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "உது என்ரை கண்ணாடியெல்லோ?" என்றுதான். அதன்பிறகு கேட்டவற்றை இங்கே எழுத முடியாது.

அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். போன மாதம் வயிற்றோட்டத்தில் இரண்டு நாள் எழும்ப ஏலாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் காலை, இனிப் போகலாம் என்று மெல்லச் சப்பாத்தை எடுத்தேன். மகள் உள்ளே ஓடிப்போய்த் தாயின் அலுமாரியிலிருந்து அந்த வைன் நிறக் கண்ணாடியை எடுத்து வந்து நீட்டினாள்.

"இதைப் போட்டுக்கொண்டு போங்கோ அப்பா. ஒருத்தருக்கும் தொத்தாது."

அதே சப்பாத்தை மாட்டிக்கொண்டு, துண்டு எடுக்க டொக்டரிடம் போனேன்.