ஆரோக்கியப் பொறுப்பாளர்

ஆசிரியர் அறையில் அன்று சாயந்திரம் இருந்தவர்கள்: சுவரோரம் கணக்கு டீச்சர், ஜன்னலோரம் சயின்ஸ் சார், நடுவில் தரையில் மல்லாந்து பி.டி. மாஸ்டர்.

கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தார். குனிந்தது மட்டும்தான் அவர். மீதியை இடுப்பு பார்த்துக்கொண்டது.

வலி என்று வாயைத் திறக்க முடியாது. "முதுகு வலியெல்லாம் சோம்பேறித்தனம் சார்" என்று போன வாரம் ஹெட்மாஸ்டருக்கு எடுத்துக் கொடுத்தவரே இவர்தான். அவரும் அதைப் பிடித்துக்கொண்டு உத்தரவே போட்டுவிட்டார்: இனி உடம்பு சரியில்லை என்று லீவு கேட்கும் முதல் ஆளுக்கு வேலை கிடையாது. ஐடியா கொடுத்தவருக்கு 'ஆரோக்கியப் பொறுப்பாளர்' பட்டம் வேறு.

"என்ன மாஸ்டர், விழுந்துட்டீங்களா?" என்றார் கணக்கு டீச்சர்.

"விழுறதா! பயிற்சி டீச்சர். முதுகெலும்புக்கு."

"அப்ப நானும் செய்யறேன்." கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர், "அம்மாடி!" என்று அலறினார். "இந்தச் சத்தமும் பயிற்சியில உண்டா?"

"கண்டிப்பா உண்டு."

சயின்ஸ் சாரும் அதே சத்தத்தோடு படுத்தார். அந்த நேரம் பார்த்து ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார்.

"என்னய்யா இது, பிணவறையா?"

"ஆரோக்கியப் பயிற்சி சார். நீங்களும் படுங்களேன்." ஒரு மரியாதைக்குத்தான் சொன்னார் மாஸ்டர். ஹெட்மாஸ்டரோ இதற்கென்றே வந்தவர்போல மேஜையைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, படுத்தே விட்டார்.

கடைசி மணி அடித்தது. பிள்ளைகளின் கூச்சல் தெருவோடு போய் அடங்கியது.

"முடிஞ்சுது. எல்லாரும் எழுந்திரிக்கலாம்."

ஒருவரும் அசையவில்லை.

"டீச்சர், நீங்க முதல்ல."

"ஐயையோ, ஹெட்மாஸ்டர் இருக்கும்போது நானா?"

"பொறுப்பாளர்தானே முதல்ல எழணும்?" என்றார் ஹெட்மாஸ்டர், மின்விசிறியைப் பார்த்தபடி.

மாஸ்டர் ஒரு காலைத் தூக்கினார். கால் மட்டும் வந்தது.

சாவிக்கொத்தோடு பியூன் எட்டிப் பார்த்தார். மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பியது.

"வாப்பா! அடுத்தது, துணையோட எழுந்திரிக்கிற பயிற்சி. கையைக் கொடு."

பியூன் இரண்டடி பின்னால் போனார். "ஆளை விடுங்க சார். காலையில இதே மாதிரி கிடந்த ஹெட்மாஸ்டரைத் தூக்கி நிறுத்துனதுல என் இடுப்பே போச்சு. நாளைக்கு நான் லீவு!"

ஹெட்மாஸ்டர் கண்களை மூடிக்கொண்டார். "கதவைச் சாத்திட்டுப் போப்பா. யாராவது பார்க்கப் போறாங்க."

இடுப்பைப் பிடித்துக்கொண்டே வெளியே போன பியூன் கதவைச் சாத்தி, வழக்கம்போலப் பூட்டினார்.