சிவப்புக் கோடு

காலை பதினொரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, கைபேசித் திரையில் சிவப்புக் கோடு விருட்டென்று எழும்பியது.

நூலகர் அதைப் பார்த்தபடியே, கையிலிருந்த ரப்பர் முத்திரையை எதிரே நின்றவரின் புத்தகத்தில் தலைகீழாகக் குத்தினார். பிறகு ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து, கைபேசியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு வீட்டைக் கூப்பிட்டார்.

“இஸ்திரிப் பெட்டிதானே?”

“யாருங்க பேசறது?”

“நான்தான்!”

“நீங்களா? குரலே வரலையே. தொண்டை கட்டிக்கிச்சா?”

“நூலகத்துல இருக்கேன். இங்க கத்த முடியுமா? பெட்டிய அணை மொதல்ல!”

“இருபது சீருடை கெடக்குதுங்க. ஆறு மணிக்கு வாங்க வந்துடுவாங்க.”

“ஆறு மணிக்கு மேல போடு.”

“ஆறு மணிக்கு வர்றவங்களுக்கு ஆறு மணிக்கு மேல போட்டா எப்படிங்க?”

“ஐயோ, நீ பேசிக்கிட்டு இருக்கறப்பவே கரண்டு வீணாப் போவுதே!”

“அப்ப நீங்க பேசாதீங்க” என்று மனைவி போனை வைத்துவிட்டாள்.

கோடு மெல்ல இறங்கியது. நூலகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூலையில் படித்துக்கொண்டிருந்த ஒருவர் உதட்டில் விரலை வைத்து, அவரைப் பார்த்து “உஷ்” என்றார். இருபத்திரண்டு வருஷ வேலையில் வாசகர் ஒருவர் நூலகருக்கு ‘உஷ்’ சொன்னது அன்றுதான்.

நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. கொஞ்சம் பயந்த சுபாவம், அவ்வளவுதான். வீட்டு மாடியில் சோலார் பேனல் போட அரசாங்கம் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்தப் பயம் இரட்டிப்பாகிவிட்டது. முதலில் பேனலுக்கு இவ்வளவு என்றார்கள். இவர் யோசித்து முடிப்பதற்குள் வீட்டுக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள். அதையும் யோசித்து முடிப்பதற்குள் இந்த மாதக் கடைசியோடு சரி என்றார்கள். கடைசி நாள், கடைசி மணியில் ஒருவழியாக விண்ணப்பம் போட்டார். கையெழுத்து போட்டது என்னவோ மனைவிதான். வீடு அவளுடைய அப்பா கட்டியது, மீட்டர் அவள் பெயரில் இருந்தது. “அது சும்மா பேருக்கு” என்பார் நூலகர்.

மாடியில் எட்டு பேனல் ஏறியது. மானியத்தில் பாதி உடனே வந்தது. மறுபாதி நாலு மாதம் கழித்து, மீட்டரைப் பார்த்த பிறகு வரும். பேனல் மாட்டிய மெக்கானிக் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“அந்த மறுபாதிதான் சார் என் பணம். அது வரலேன்னா நாலு பேனலக் கழட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

தெருவே வேடிக்கை பார்க்கப் பேனல் ஏறியிருக்கிறது. அதே தெரு வேடிக்கை பார்க்கப் பாதி பேனல் இறங்கினால்? அதை நினைத்தாலே நூலகருக்குச் சோறு இறங்காது.

பகலில் மிச்சமாகி வெளியே போகும் மின்சாரத்துக்கு அரசாங்கம் நல்ல விலை தந்தது. எனவே நூலகர் சட்டம் போட்டார். ‘பகலில் சேர்ப்போம், இரவில் செலவழிப்போம்’ என்று தலைப்பிட்டு, பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு என்று எண் போட்டு, ஃபிரிட்ஜின் மேல் ஒட்டினார். பகலில் மிக்ஸி கிடையாது. தண்ணீர் மோட்டார் கிடையாது. இஸ்திரி கூடவே கூடாது. மீறினால் தெரிந்துவிடும், ஏனென்றால் அவர் கைபேசியில் இரண்டு கோடு ஓடும். மாடியில் விளைவது பச்சைக் கோடு. வீட்டில் செலவாவது சிவப்புக் கோடு.

மனைவிக்குத் தொழில் தையல். மேற்கு பார்த்த அறை, மத்தியானமானால் சுவரே கொதிக்கும். வேர்வை சொட்டித் துணியில் கறை படாமலிருக்கக் கழுத்தில் ஒரு துண்டு, மடியில் ஒரு துண்டு. ஒரு ஏசி வேண்டும் என்று ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏசியா? அது கரண்டு குடிக்கற பூதம்!” என்று ஆறு வருஷமும் ஒரே பதில்தான்.

இப்படி இரண்டு மாதம் போனது. மூன்றாம் மாதம் தொடங்க இரண்டே நாள் இருக்கும்போது, நூலகர் காலை நாளிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். நாலாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

மானியம் மறுபடி மாறிவிட்டது. பகல் மின்சாரம் நாடு முழுக்க வேண்டிய மட்டும் குவிந்துவிட்டதாம், இனி வெளியே அனுப்புவதற்குக் கால் விலைதானாம். அது போகட்டும். விளைந்ததில் நூற்றுக்கு அறுபது பங்காவது தன் வீட்டிலேயே செலவழிப்பவர்களுக்குத்தான் மானியத்தின் மறுபாதியாம். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து முப்பது நாள் கணக்கெடுப்பார்களாம்.

படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். எழுத்து அப்படியேதான் இருந்தது. அவர் வீட்டில் பகல் செலவு ஒரு மின்விசிறி, ஒரு ஃபிரிட்ஜ். நூற்றுக்குப் பன்னிரண்டு தேறினால் அதிகம்.

வீட்டில் போய் எப்படிச் சொல்வது? போட்ட சட்டத்தைப் போட்டவனே மாற்றினால் மதிப்பு இருக்குமா? அரசாங்கம் மாற்றலாம். அரசாங்கத்துக்குப் பெண்டாட்டி கிடையாது.

பேருந்தில் வரும்போதே யோசித்துத் திட்டம் போட்டார். ஏசி வாங்கினால் சிவப்புக் கோடு தானாக ஏறும். ஆனால் மானியத்துக்காக என்று சொல்லக் கூடாது. அன்புக்காக என்று சொல்லிவிட வேண்டும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! தன் மூளையை நினைத்துத் தானே பூரித்துப்போய் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினார்.

தையல் அறைக்குள் போய், துணிக் குவியலை ஒதுக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“பாவம், உனக்கு ரொம்ப வேர்க்குது.”

“ஆறு வருஷமா வேர்க்குது.”

“எனக்கு மனசு கேக்கல. உனக்கு ஒரு ஏசி வாங்கித் தரலாம்னு இருக்கேன்.”

மனைவி ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“உடம்புக்கு ஏதாவது பண்ணுதாங்க?”

“ஏன்?”

“திடீர்னு நல்லவராட்டம் பேசறீங்களே.”

“அன்பும்மா! அன்பு!”

“அது இருக்கட்டும். கரண்டு?”

“கரண்டு கெடக்குது கழுத! நீ முக்கியமா, கரண்டு முக்கியமா?”

“வேண்டாங்க. பிரிவு மூணு என்ன சொல்லுது? பகல்ல செலவு கூடாது. நானும் பழகிட்டேன். மெஷின்ல மோட்டாரக்கூடக் கழட்டிட்டேன், பாருங்க, காலாலதான் மிதிக்கறேன். இஸ்திரிக்குத் தெருமுனையில குடுத்துடறேன். அங்க கரிப் பெட்டிதான், கரண்டே ஆவாது.”

நூலகர், “இவ்வளவு பொறுப்பா இருக்காதேம்மா” என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

ஒன்றாம் தேதி பிறந்தது. சிவப்புக் கோடு நோயாளி மாதிரி படுத்துக் கிடந்தது. நூலகர் பலகைக்குக் கீழே உட்கார்ந்து போன் போட்டார்.

“ஏம்மா, மிக்ஸிய ஓட்டேன்.”

“அரைக்க ஒண்ணும் இல்லையே.”

“காத்த அரை! ஓடாம கெடந்தா துருப்பிடிச்சிடும்.”

“துருப்பிடிக்காத மிக்ஸின்னு சொல்லித்தானே வாங்கினீங்க?”

“சரி, எல்லா லைட்டையும் போடு.”

“நட்டநடுப் பகல்லயா?”

“கொசு வராது!”

மூலையில் “உஷ்” என்றது குரல்.

நாலாம் நாள் மிக்ஸி புகை விட்டுப் படுத்தது. ஆறாம் நாள் வேலைக்குக் கிளம்பும் முன் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு, ‘மறந்துபோய்’ போய்விட்டார். தொட்டி நிரம்பி, வழிந்து, எதிர்வீட்டு வாசல் வரை ஓடியது. சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். “உங்க மாடிக்கு மட்டும் தனியா மழைக்காலம் வந்திருக்கா சார்?” என்றார். நூலகர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

இவ்வளவு செய்தும் கோடு பன்னிரண்டைத் தாண்டவில்லை. ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் பச்சைக் கோடு வானத்துக்குப் போகிறது, சிவப்புக் கோடு பாதாளத்துக்குப் போகிறது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு மனசு, மானம் போய்விடும் என்று ஒரு மனசு. நடுவில் மனுஷர் துரும்பாய் இளைத்துப் போனார்.

பத்தாம் நாள் மெக்கானிக் வந்தார். கையில் பெரிய ஸ்பானர். கணக்கைப் பார்த்துவிட்டுத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“கிழக்குப் பக்கம் நாலா, மேற்குப் பக்கம் நாலா? உங்க இஷ்டம் சார். அழகா கழட்டி எடுத்துக்கறேன்.”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்த வீட்டு ஜன்னலும் திறந்தது. நூலகர் திரும்பிப் பார்க்காமல் தையல் அறைக்கு ஓடினார்.

“தெய்வமே, ஏசி வாங்கிக்க!”

“மறுபடியும் அன்பாங்க?”

“அன்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! மானியத்த மாத்திட்டாங்க. பகல்ல செலவு பண்ணாதான் மறுபாதி. பத்து நாள் வீணாப் போச்சு. மிச்சம் இருவது நாளும் நூத்துக்கு எம்பத்து நாலு செலவழிக்கணும். இல்லேன்னா மானம் கப்பலேறிடும். நான் போட்ட சட்டம் தப்பு. என் புத்திய எதால அடிக்கறதுன்னு தெரியல. வாங்கிக்கம்மா!”

மனைவி மிதிப்பதை நிறுத்தினாள். கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள்.

“ஏசி மட்டும் போட்டா எம்பத்து நாலு வராது. மோட்டார மாட்டிக்கறேன். இஸ்திரிய வீட்டுக்குக் கொண்டு வரணும். பக்கத்துத் தையல் கடைத் துணியையும் வாங்கி இஸ்திரி போடணும். ஆனா எனக்குத் தைக்கவே நேரம் இல்ல. உங்களுக்கு லீவு எத்தன நாள் சேர்ந்திருக்கு?”

“அது... இருவத்தஞ்சு இருக்கும்.”

“இருவது போதும். அப்புறம் அந்தக் கோடு. மீட்டர் என் பேர்ல இருக்கறதால என் போன்லயும் ஓடட்டும்.”

“ஓடட்டும், ஓடட்டும்!” நூலகர் ஆட்டிய ஆட்டில் தலை கழன்று விழாதது ஆச்சரியம்.

எண்ணி அரைமணி நேரத்தில் ஏசி வந்து இறங்கியது. கொண்டுவந்த இருவரும் வழி கேட்காமல் நேரே தையல் அறைக்குள் போனார்கள்.

“அக்கா, அன்னிக்கு அளவெடுத்த அதே செவருதானே?”

“அதேதான்” என்று மனைவி நாட்காட்டியைக் கழற்றினாள். அதன் பின்னால், சுவரில் ஏசிக் குழாய் போக அழகான வட்டத்தில் ஓட்டை. அதில் வெட்டுத்துணி அடைத்திருந்தது. “சீக்கிரம் மாட்டுங்கப்பா. மூணு வாரமா அடைச்சு வெச்சிருக்கேன், வெக்கை தாங்கல.”

நூலகர் ஓட்டையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கதவோரம் நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார்.

“அக்காவுக்குக் கடிதம் வந்திருக்குமே சார்” என்றார் மெக்கானிக், ஸ்பானரைப் பையில் போட்டபடி. “மீட்டர் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தானே மொதல்ல அனுப்புவாங்க. பேப்பர்ல வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே அனுப்பிட்டாங்க.”

மனைவி அளவுநாடா வைக்கும் டப்பாவைத் திறந்து, நாலாக மடித்த காகிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

“ஏசிக்கு எல்லாம் தயார் பண்ணிட்டுச் சொல்லத்தான் இருந்தேன். நீங்க அன்புன்னு ஆரம்பிச்சீங்க. ஆறு வருஷத்துல ஒரு தடவ வந்த அன்பு, எதுவரைக்கும் போவுதுன்னு பாத்துடலாமேன்னு இருந்துட்டேன்.”

மறுநாளிலிருந்து நூலகருக்கு விடுப்பு. தையல் அறை ஜில்லென்று இருந்தது. இஸ்திரிச் சூடு ஏசிக்கு ஆகாது என்று சொல்லி மனைவி அவரைக் கூடத்தில் இஸ்திரி போட நிற்க வைத்தாள். சீருடைச் சட்டை, சீருடைக் கால்சட்டை, பக்கத்துக் கடைத் துணி, எதிர்வீட்டுத் திரைச்சீலை என்று வந்தபடியே இருந்தது. சிவப்புக் கோடு எண்பத்து நாலைத் தொட்டுத் தொட்டு நின்றது.

ஆறாம் நாள் மனைவி அறையை அப்படியே குளிரவிட்டு, தைத்த துணிகளைக் கொடுக்க வெளியே போனாள். நூலகர் அறுபதாவது சட்டையை மடித்து வைத்தார். இடுப்பு விட்டுப்போயிற்று. பெட்டியை அணைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழைப் பிரித்தார். மணி பதினொன்று, நிமிடம் பன்னிரண்டு.

போன் அடித்தது.

“என்னங்க, சிவப்புக் கோடு இறங்குதே. உக்காந்துட்டீங்களா?”

“யாரு... நீயா? ஏம்மா கிசுகிசுன்னு பேசற? தொண்டை கட்டிக்கிச்சா?”

“உங்க நூலகத்துல ஃபேனுக்குக் கீழ உக்காந்து பத்திரிகை படிச்சிட்டிருக்கேன், இங்க கத்த முடியுமா? பெட்டியப் போடுங்க மொதல்ல!”